1837 மதுரைத் தொகுதி போன்ற சாதி–தொழில் ஓவியப் பக்கத்தைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வகைப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சிக் காலத்தில் தஞ்சாவூர், மதுரை, திருச்சி, சென்னைப் பகுதிகளில் வரைந்து விற்கப்பட்ட படத் தொகுதிகளின் பக்கங்களைப் பற்றி. ஒரு தாளில் பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிற்பார்கள். காலடியில் மெல்லிய மண் பட்டை, இரண்டு புல் கொத்து, பின்னால் வெறும் வானம். கையில் தொழிலுக்குரிய ஏதோ ஒரு பொருள். அடியில் சாதிப் பெயரோ தொழிற்பெயரோ எழுதியிருக்கும். கலை வரலாற்றில் இவற்றைக் 'கம்பெனி பாணி' என்பார்கள்.

நல்ல எடுத்துக்காட்டு, மதுரையில் 1837-இல் உருவான 72 படங்கள் கொண்ட தொகுதி. இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெய்னிக்கி நூலகத்தில் இருக்கிறது. படங்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதியிருக்கிறது. அமெரிக்க மிஷனரி டேனியல் பூர் அதை இன்னொரு மதகுருவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் பூர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியை நடத்தியவர். 1830-களின் நடுவில் மதுரைக்கு வந்து, பிறகு யாழ்ப்பாணமே திரும்பி, 1855-இல் மானிப்பாயில் காலராவில் இறந்தார்.

இதை அந்தக் காலத்துச் சமூகத்தின் நேரடிப் பதிவாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஆனால் பொய் என்று ஒதுக்குவதும் தவறு. ஒரே பக்கத்தில் இரண்டு பேருடைய அறிவு இருக்கிறது. சமூகத்தை 72 பெட்டிகளாகப் பிரித்து, பெட்டிக்கு ஒரு ஜோடி என்று கேட்டது வாங்கியவருடைய கண். கலயத்தின் வாய் எப்படி இருக்கும், கோலை எந்தப் பக்கம் பிடிப்பார்கள், கொண்டையை எங்கே முடிவார்கள் என்று வரைந்தது உள்ளூர்ச் சித்திரக்காரருடைய கை. வகைப்படுத்தலை வாங்கியவர் கணக்கிலும் பொருள்களை வரைந்தவர் கணக்கிலும் எழுதிப் பழகினால் பக்கம் திறந்துகொள்ளும். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலான தவறுகள், அடியில் எழுதிய பெயரை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பிறகு பார்ப்பதால்தான் வருகின்றன.

அப்படியானால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் பெயரை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிடுங்கள். தாளின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பிறகு படத்தில் தெரிவதை மட்டும், பெயர் சூட்டாமல், தலை முதல் கால் வரை எழுதுங்கள்: முடி, நெற்றிக்குறி, காது, கழுத்து, மேல்துணி, இடுப்பு, கையில் உள்ளவை, காலணி. "பூசாரி" என்று எழுதாதீர்கள். "நெற்றியில் மூன்று கிடைக்கோடு, கழுத்தில் மணிமாலை, வலக்கையில் மணி" என்று எழுதுங்கள்.

அடுத்தது பின்பக்கம். வாங்கியவர் பெயர், விலை, வரிசை எண், ஒட்டிய பசைத் தடம் எல்லாம் அங்கேதான் இருக்கும். இடப்பக்க ஓரத்தில் தையல் துளைகள் இருந்தால் தாள் ஒரு தொகுதியிலிருந்து பிரிக்கப்பட்டது. துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் குறித்து வையுங்கள். பிரிந்துபோன அண்ணன் தம்பித் தாள்களை இணைக்க அந்த அளவு பலமுறை உதவும்.

மூன்றாவது, சாய்வெளிச்சம். ஒரு டார்ச்சைத் தாளின் தளத்தோடு ஒட்டினாற்போலப் பிடித்தால் பென்சில் பள்ளம், சுரண்டித் திருத்திய இடம், பிறகு வந்த மடிப்பு தெரியும். நான்காவது, பின்னிருந்து வரும் வெளிச்சம், நீர்க்குறிக்காக (தாள் செய்யும்போதே ஆலை அதற்குள் பதிக்கும் அடையாளம்). பத்து மடங்கு உருப்பெருக்கி கடைசியில். மறைத்த பெயரைத் திறப்பது இவை எல்லாம் முடிந்த பிறகு.

நீர்க்குறியில் ஆண்டு இருக்கிறது. அதுவே வரைந்த ஆண்டா?

அல்ல. படம் அதற்கு முன்னால் வரையப்பட்டிருக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். 1794-இல் வந்த ஆங்கிலேயச் சட்டம் ஒன்று, ஏற்றுமதித் தாளுக்கு வரிச் சலுகை வேண்டுமானால் ஆண்டு பொறிக்க வேண்டும் என்றது. அதன்பின் ஆண்டு போடுவது பரவியது. சில ஆலைகள் 1794 என்ற அச்சையே மாற்றாமல் பல ஆண்டுகள் ஓட்டின. ஆகவே 1794 என்று பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். 1821, 1834 போன்ற ஆண்டுகள் ஓரளவு நம்பகமானவை. கப்பலில் வந்த நாள், கடையில் கிடந்த நாள், தொகுதி முடிய எடுத்த நாள் எல்லாம் சேர்த்துச் சில ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீர்க்குறியில் வாட்மன் என்ற ஆங்கிலேயத் தாள் ஆலைப் பெயரை அடிக்கடி பார்ப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரை இரண்டு ஆலைகள் பயன்படுத்தின. 'டர்க்கி மில்' என்ற சொல் சேர்ந்திருக்கிறதா என்பதையும் படியெடுங்கள். தாளைப் பெரிய அளவிலிருந்து வெட்டியிருப்பதால் பாதி எழுத்துதான் கிடைக்கும். ஒரே தொகுதியின் மற்றத் தாள்களில் மீதிப் பாதியைத் தேடுங்கள்.

நிறங்களைக் கொண்டு காலத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1828-க்குப் பிறகுதான் வருகிறது. துத்தநாக வெள்ளையை நீர்வண்ணமாக 1834-இல் லண்டன் கடை ஒன்று விற்கத் தொடங்கியது. விரிடியன் பச்சை 1859-இல் காப்புரிமை பெற்றது. 1810 என்று எழுதிய படத்தில் இவற்றில் ஒன்று உறுதியானால், ஆண்டு பொய் அல்லது வண்ணம் பிற்காலத் திருத்தம். கண்ணால் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது. 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் துத்தநாக வெள்ளை பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அது ஒரு குறிப்பு மட்டுமே. சோதனைக்கூடம்தான் உறுதி சொல்லும்.

காலக் கணிப்பைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு: கறுத்துப்போன வெள்ளை. இந்தப் படங்களில் வெள்ளைக்கு ஈய வெள்ளையைத்தான் பெரும்பாலும் போட்டார்கள். நீரோடு குழைத்த ஈய வெள்ளை, காற்றில் உள்ள கந்தக ஆவி பட்டால் சாம்பலாகி, கடைசியில் கறுப்பாகும். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் கறுப்புக் கோடுகளாகும், விபூதி கரிப்பட்டையாகும், முத்துமாலை கருமணியாகும். 'கறுப்புக் கரை வேட்டி கட்டும் சாதி', 'கருமணி அணிந்த பெண்' என்றெல்லாம் விளக்கம் எழுதிவிட்டால், அது ஓவியரும் சொல்லாதது, சமூகமும் செய்யாதது. உருப்பெருக்கியில் பாருங்கள். கறுப்பின் ஓரத்தில் வெள்ளையோ, உலோகம் போன்ற மினுக்கமோ தெரிந்தால் அது கறுத்த வெள்ளை. கரியால் செய்த கறுப்பு மை இப்படி மினுக்காது.

செப்புப் பச்சைக்கு வேறு குணம். அது தாளையே பழுப்பாக்கித் தின்னும். பச்சைச் சேலை கட்டிய பெண்ணின் பின்பக்கத் தாளில் பழுப்பு நிறத்தில் அதே சேலை வடிவம் தெரிந்தால் காரணம் இதுதான்.

தமிழ்க் குறிப்பு தமிழ்தான் என்று தெரிகிறது, ஆனால் படிக்க முடியவில்லை. ஏன்?

அந்தக் காலக் கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ஓலையில் எழுதிய பழக்கம் தாளிலும் தொடர்ந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே 'வெடர' என்று தெரிவது 'வேடர்' ஆகலாம், 'வேடா' என்றும் ஆகலாம். 'காவல்காரர்' என்ற சொல் 'கரவலகரரர' போலத் தோன்றும். படிக்கும் முறை இது: முதலில் எழுத்துகளை உள்ளபடியே புள்ளியில்லாமல் படியெடுங்கள். அதன் கீழே சாத்தியமான எல்லா வாசிப்புகளையும் எழுதுங்கள். அதற்குப் பிறகே படத்தோடு பொருத்திப் பாருங்கள். முதலிலேயே படத்தைப் பார்த்து வாசித்தால் வேண்டிய பெயரே கண்ணுக்குத் தெரியும்.

ணை, லை, னை போன்றவற்றுக்குப் பழைய கொம்பு வடிவம் இருக்கும். தமிழ்நாட்டில் 1978-க்கு முன்பு பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். எண்கள் தமிழ் எண்களாக இருந்தால் ௧, ௨ போன்றவற்றை எழுத்தாக வாசித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ௧ 'க' போலவும் ௨ 'உ' போலவும் இருக்கும். ௭, ௮, ௰ ஆகியவையும் அப்படித்தான்.

ஆங்கிலக் குறிப்பில் உள்ள சொற்கள் அகராதியிலேயே இல்லையே?

காதில் விழுந்ததை எழுதியவை அவை. 'கானிகாபொலி' என்பது கணக்கப்பிள்ளை. 'டூபாஷ்' துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 'டானிகெட்ச்' வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் பெண். வாய்விட்டுப் படித்தால் பாதிச் சொற்கள் தானே பிடிபடும்.

கவனிக்க வேண்டியது வேறு. சாதிப் பெயர், தொழில், பட்டம், மதம், ஊர் ஆகிய ஐந்தும் ஒரே தட்டில் 'சாதி' என்று எழுதப்பட்டிருக்கும். செட்டி என்பது எத்தனையோ தனித்தனிச் சமூகங்கள் பயன்படுத்திய பட்டம். பண்டாரம் என்பது ஓரிடத்தில் சமூகம், இன்னோரிடத்தில் துறவி. சிப்பாயும் பியூனும் வேலை. பிராமணர் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். ஆனால் நெற்றியில் நாமத்தின் அடிப்பாகம் மூக்கில் இறங்கினால் தென்கலை, புருவ நடுவிலேயே வளைந்து நின்றால் வடகலை. இந்தப் பிரிவுக்காகக் காஞ்சிபுரத்தில் வழக்குமன்றம் வரை சண்டை போன நூற்றாண்டு அது. எழுதியவருக்குத் தெரியாததை வரைந்தவர் சரியாகப் போட்டிருப்பார்.

ஆங்கிலக் குறிப்பின் மையும் தமிழ்க் குறிப்பின் மையும் வேறா என்று பாருங்கள். வேறென்றால் எழுதிய காலமும் வேறாக இருக்கலாம். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் பதிவுசெய்யுங்கள். ஒன்றை 'சரியானது' என்று தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை அல்ல.

ஒரு பக்கத்தை முழுதாகப் படித்துக் காட்ட முடியுமா?

பனையேறி ஜோடியை எடுத்துக்கொள்வோம். இத்தொகுதிகளில் அடிக்கடி வரும் வகை இது. ஆங்கிலத்தில் 'கள் இறக்குபவர்' என்ற பொருளில் பெயர் இருக்கும்.

ஆணின் கையிலோ கணுக்காலிலோ ஒரு நார் வளையம் இருந்தால் அது தளைநார். இரண்டு பாதங்களும் மரத்தைக் கவ்வ உதவுவது. இடுப்புக்குப் பின்னால் தொங்கும் சிறு பெட்டியில் பாளை சீவும் அரிவாள் இருக்கும். கையில் கவட்டை போன்ற மரக்கடிப்பு இருந்தால் பாளையை நசுக்கிப் பதப்படுத்த. திருநெல்வேலிப் பக்கம் மரத்தில் சாய்த்து வைத்து ஏறத் தொடங்கும் தடிக்கு முருக்குத்தடி என்று பெயர். இவற்றில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று எண்ணுங்கள். எல்லாம் இருந்து, கட்டும் இடமும் சரியாக இருந்தால் ஓவியர் தொழிலை அருகிலிருந்து பார்த்தவர். அரிவாள் மட்டும் பெரிதாக, வெட்டுக்கத்தி போல இருந்தால் கேள்விப்பட்டோ நகலெடுத்தோ வரைந்தவர்.

இப்போது கலயம். உட்புற விளிம்பில் வெள்ளைப் பூச்சு தெரிகிறதா? சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர், அது புளிக்காது. தடவாத கலயத்தில் இறங்குவதுதான் கள். பதநீர் என்றால் மீதி வேலை பெண்ணுடையது. அடுப்பில் வைத்துப் பாகு பதம் வரும்வரை கிளறி, சிரட்டையில் ஊற்றி, கருப்பட்டியாக எடுப்பவர் அவர். அதிகாலையில் இறக்கியதை அன்றே காய்ச்சியாக வேண்டும். பெண்ணின் தலையில் பெட்டி இருந்து அதில் அரைக்கோள வடிவங்கள் இருந்தால் அவை கருப்பட்டிகள், பழங்கள் அல்ல.

இவ்வளவையும் ஆங்கிலக் குறிப்பு 'கள்' என்ற ஒரே சொல்லில் விழுங்கிவிடுகிறது. கும்பினிக்குக் கள் என்பது ஆப்காரி வரி, அதாவது மதுவரி. வரி வரும் பொருளைத்தான் அந்தக் கண் பார்த்தது. அடுப்படியில் நின்ற பெண்ணின் உழைப்பு அந்தச் சொல்லில் இல்லை. படத்தில் கலயத்தின் விளிம்பிலும் தலைப் பெட்டியிலும் இருக்கிறது. விளக்கம் எழுதும்போது அதை எழுதாமல் விட்டால் அந்தத் தவறை நாமும் இன்னொரு முறை செய்கிறோம்.

நேரில் பார்த்து வரைந்ததா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உருவக் கோட்டின் மேல் சீரான இடைவெளியில் சிறு கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். மூலத் தாளின் கோட்டில் ஊசியால் துளையிட்டு, அதைப் புதுத் தாள்மேல் வைத்துக் கரிப்பொடி மூட்டையால் தட்டினால் விழும் புள்ளிகள் அவை. தாளைத் திருப்பிப் போட்டுத் தட்டினால் உருவம் இட வலமாகப் புரளும்.

புரண்டதைப் பிடிக்க நல்ல சோதனை பூணூல். வழக்கமாக அது இடத் தோளிலிருந்து வலப்பக்க இடுப்புக்கு வரும். மாறியிருந்தால் பித்ரு காரியம் செய்யும் கோலமா என்று முதலில் பாருங்கள். அதற்கான தர்ப்பை, எள், தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் இல்லையென்றால் படம் புரண்டது. சேலைத் தலைப்பை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஐயர் வீட்டு மடிசாரில் தலைப்பு வலத் தோளுக்கும் ஐயங்கார் வீட்டில் இடத் தோளுக்கும் போகும். மற்றச் சமூகங்களிலும் இரண்டு வழக்கமும் உண்டு.

படத்தில் உள்ள தொழில் அந்த ஆண்டில் உண்மையிலேயே நடந்ததா?

ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி. மறவர் கையில் வளரியும் (வளைந்த எறி ஆயுதம்) ஈட்டியும் கொடுத்து வரைந்த படம் 1830-களைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799. மருது சகோதரர்கள் 1801. அந்த 1801-லேயே பாளையங்களில் ஆயுதங்களைக் கும்பினி தடைசெய்துவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆயுதம் பறிக்கப்பட்டிருந்த மக்களை ஆயுதத்தோடு வரைவது அன்றைய நிலைமையின் பதிவு அல்ல. வாங்கியவருக்கு ஏற்கெனவே மனதில் இருந்த படம் அது, அல்லது பழைய மூலத்தின் நகல். இரண்டில் எது என்பதை மேலே சொன்ன கரிப்புள்ளிச் சோதனை ஓரளவு காட்டும்.

நெசவாளர் பக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1813-க்குப் பிறகு ஆலைத் துணி வந்து குவிந்த காலத்தில், தறியோடு அமைதியாக நிற்கும் ஜோடியைப் படம் காட்டும். அந்த வீட்டில் நூல் வாங்கக் காசு இருந்ததா என்பதைப் படம் சொல்லாது. மாவட்ட வருவாய் ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

பெண் ரவிக்கை இல்லாமல் இருக்கிறார். வறுமையா, ஒடுக்குமுறையா?

படத்தை மட்டும் வைத்து இரண்டையும் சொல்ல முடியாது. அக்காலத்தில் தைத்த ரவிக்கை இல்லாமல் சேலை கட்டியவர்களில் வசதியானவர்களும் இருந்தார்கள். அதே சமயம், திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்துணி போட்டதற்காக அடிக்கப்பட்டு, தோள்சீலைப் போராட்டம் நடந்து, 1859 அறிவிப்பில்தான் ஓரளவு முடிவு வந்தது. ஆகவே முதலில் ஊரை உறுதிசெய்யுங்கள். நாகர்கோவில் பக்கத்துப் படம் என்றால் அந்த வரலாறு நேரடியாகப் பொருந்தும். தஞ்சாவூர்ப் படம் என்றால் அதே வரலாற்றைத் தூக்கி ஒட்டக் கூடாது. அதே தொகுதியில் வேறு ஜோடிகளின் பெண்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; வேறுபாடு ஓவியரின் பொதுச் சூத்திரமா, சாதிக்குச் சாதி வைத்த வேறுபாடா என்று தெரியும்.

ஆணும் பெண்ணும் நிற்பதால் கணவன் மனைவி என்று எழுதலாமா?

குறிப்பில் அப்படி இருந்தால் மட்டும். ஜோடியாக நிறுத்துவது தொகுதியின் அச்சு. தேவதாசியின் பக்கத்தில் நட்டுவனாரோ மத்தளக்காரரோ நின்றால் அவரைக் கணவராக எழுதிவிடாதீர்கள். தனியாகக் கடை வைத்துச் சம்பாதித்த பெண்களையும் ஒரு ஆணின் 'மனைவி' ஆக்கிவிடும் அச்சு இது.

இழிவாக இன்று கருதப்படும் சாதிப் பெயர் எழுதியிருந்தால் பட்டியலில் என்ன செய்வது?

தாளில் உள்ளதை அழிக்கவோ மாற்றவோ கூடாது. 'தாளில் உள்ள எழுத்து' என்று தனிப் பகுதியில் எழுத்துப் பிசகாமல் மேற்கோள் குறிக்குள் படியெடுங்கள். தலைப்பில் படத்தில் தெரியும் செயலை எழுதுங்கள்: 'பறை வாசிக்கும் ஆண், முறம் ஏந்திய பெண்'. சமூகத்தைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் அச்சமூகத்தார் இன்று தங்களை அழைக்கும் பெயரைப் பயன்படுத்துங்கள். தேடுபவருக்கு இரண்டும் கிடைக்கும்; தலைப்பைப் பார்க்கும் பிள்ளைக்கு அவமானமும் நேராது.

காக்காய்ப்பொன் (மைக்கா) மேல் வரைந்த படங்களையும் இதே முறையில் படிக்கலாமா?

படிக்கலாம், தொடும் விதம் மட்டும் வேறு. திருச்சியில் 19ஆம் நூற்றாண்டில் இவை ஏராளமாக விற்றன. மைக்கா ஏடு ஏடாக உரியும்; வண்ணம் அதன்மேல் உட்காருமே தவிர ஊறாது. விரலால் தடவினால் முகமே பெயர்ந்துவிடும். சில தொகுதிகளில் முகம் இல்லாத உடை மட்டும் வரைந்த தகடுகளைத் தனியே உள்ள ஒரே முகத்தின்மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும்படி செய்திருப்பார்கள். முகமற்ற தகடு கிடைத்தால் உரிந்துவிட்டது என்று முடிவுகட்டாமல் அதன் முகத் தாளைத் தேடுங்கள்.

வீட்டில் இப்படி ஒரு தாள் இருக்கிறது. இன்று என்ன செய்ய வேண்டும்?

சட்டத்தில் மாட்டியிருந்தால் வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். கறுத்த வெள்ளையை எந்தத் திரவத்தாலும் நீங்களே துடைக்க வேண்டாம். வண்ணம் நீரில் கரையும். அமிலமில்லாத தாளுக்கு நடுவில் படுக்கையாக வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் திணிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக்குக்குள் பூஞ்சை சீக்கிரம் வரும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

முன்பக்கம், பின்பக்கம், சாய்வெளிச்சம், பின்வெளிச்சம் என்று நான்கு படங்கள் எடுங்கள், ஓரத்தில் ஒரு அளவுகோலோடு. ஸ்கேன் என்றால் அங்குலத்துக்கு 600 புள்ளி (dpi) போதும். வண்ணம் உதிரும் தாளையும் மைக்காவையும் ஸ்கேனரில் கவிழ்க்கவே கூடாது, மேலிருந்து கேமராவில் எடுங்கள். தொகுதியாகத் தைத்திருந்தால் நல்ல படங்களை மட்டும் பிரித்து விற்கச் சொல்லி வருபவர்களுக்கு இணங்காதீர்கள். எந்த ஜோடிக்கு அடுத்து எந்த ஜோடி வைக்கப்பட்டது என்ற வரிசை, பிரித்தபின் எந்தப் பக்கத்திலிருந்தும் திரும்பக் கிடைக்காது.